ஒப்பிப்பது வாசிப்பாகுமா?



முதல் வகுப்புப் பிள்ளை பாடத்தை மளமளவென ஒப்பிக்கிறது. நாம் பூரித்துப் போகிறோம். படத்தை மறைத்து, நடுவிலுள்ள ஒரு சொல்லில் விரல் வைத்துக் கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் விழிக்கும்! மனப்பாடம் நினைவாற்றல்தான், வாசிப்பல்ல. எழுத்துகளின் ஒலிகளைக் கூட்டி, முன்பே காதில் விழுந்த சொல்லாக அறிவதே வாசிப்பு. வீட்டில் பேச்சும் கதையும் கேளாத பிள்ளைக்கு 247 எழுத்துகளும் வெறும் கோடுகளே!

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழகத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இழப்பை ஈடுகட்ட, 2022-ல் அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது.

அரசு தன் கடமையைச் செய்யட்டும். நம் கடமை என்ன? இன்றிரவே செல்போனை வைத்துவிட்டுக் கதை சொல்லுங்கள். அதைப் பிள்ளையின் வாயால் திருப்பிக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாமல் நான்காம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு எல்லாப் பாடமும் சுமையே. சிந்திப்பீர்! செயல்படுவீர்!