ஐயும் ஜேயும் படுத்தும் பாடு

புனேயில் பொட்டி தட்டும் நம்ம மக்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளையை பைத்தான் டியூஷனில் சேர்த்து, மாசாமாசம் காசைக் கட்டிவிட்டு அக்கடான்னு இருந்துடாதீங்க. ஒரு நாள் அந்த நோட்டைத் திறந்து பாருங்க. நெஸ்டட் லிஸ்ட், அதாவது பட்டியலுக்குள் பட்டியல்னு தலைப்பு. கீழே ரேஞ்ச், அதுக்குள் லென், ஒரு ஐ, ஒரு ஜே, சதுர அடைப்புக்குறிகள். "ஐ-ன்னா என்னடா கண்ணு?"ன்னு கேளுங்க. "ஐ-ன்னா ஐ-தான்ப்பா"ன்னு பதில் வரும்.

சி, சி ப்ளஸ் ப்ளஸ் நடத்திய கையோடு பைத்தானுக்கு வந்த வாத்தியார்கள் இறக்கி வைத்த பழைய சரக்கு இது. ஊருக்குப் போற ரயிலில் டிடிஇ என்ன செய்கிறார்? ஒரு பெட்டியில் ஏறி முதல் பெர்த்திலிருந்து கடைசி வரை பார்க்கிறார். அடுத்த பெட்டி, மறுபடி முதல் பெர்த். வெளி லூப் பெட்டி, உள் லூப் பயணி, அவ்வளவுதான். ஃபார் பெட்டி இன் ரயில். கீழே உள்ளே தள்ளி, ஃபார் பயணி இன் பெட்டி. (பெயரைத் தமிழிலேயே வைத்தாலும் பைத்தான் 3 முறைக்காது.) பட்டியலில் ஓர் இடத்தை மாற்றி எழுதணும்னா எண் வேணும், இல்லைங்கல. சும்மா படிக்க எதுக்குய்யா?

அடுத்த கூத்து, பெயர்களை ஒட்டுவது. லூப்பில் ப்ளஸ் போட்டு பெயர், கமா, பெயர், கமா... கடைசியில் ஒரு கமா தொங்கும். அதை வெட்ட ஒரு இஃப்! ஐந்து பெட்டிக்கு நாலு கப்ளிங்தானே? கமாவும் அப்படித்தான். அதனால்தான் பைத்தானில் கமாவை முதலில் எழுதி, புள்ளி வைத்து ஜாயின் போட்டு, பட்டியலை உள்ளே கொடுக்கிறோம். ஒட்டுகிற வேலை கப்ளிங்குடையது.

இது அழகுக்கு மட்டுமில்லை. பைத்தானில் ஸ்ட்ரிங்கை மாற்ற முடியாது. ஒவ்வொரு ப்ளஸ்ஸுக்கும் புதுசு பிறக்கும். பத்தெழுத்துப் பெயர் 1,000 இருந்தால், கமாவை விட்டுவிட்டாலும் 50 லட்சம் எழுத்துக்கு மேல் நகலெடுக்கணும். ஜாயின் மொத்த நீளத்தை முதலில் கணக்குப் போட்டுக்கொள்வதால் 10,000-த்தோடு முடிந்தது. (சில சமயம் பைத்தானே ப்ளஸ்ஸைச் சமாளித்துக்கொள்ளும். அதை நம்பி எழுதக் கூடாது.)

பக்கத்து வீட்டுப் பொண்ணு ஜாயின் போட்டதுக்கு, டியூஷனில் "போர்ஷன்ல இல்லை"ன்னு சிவப்பு மையில் அடித்திருக்காங்க. சிபிஎஸ்இ பதினொன்றாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் ஜாயின்னு பேர் போட்டே இருக்கு சாமி! புரிந்து எழுதிய குழந்தைக்கு மார்க் போச்சு, மனப்பாடம் பண்ணியதுக்கு முழு மார்க்.

பிள்ளைகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ரயில் சார்ட்டை, பெட்டிக்கு ஒரு வரியாக, பெயர்களுக்கு நடுவில் கமா போட்டு அச்சடிக்கச் சொல்லுங்க. மொத்தப் பட்டியலையும் ஜாயினுக்குள் திணித்தால் பைத்தான் டைப் எர்ரர்னு திட்டும், உள்ளே இருப்பது ஸ்ட்ரிங் இல்லை, இன்னொரு பட்டியல். முதலில் ஒவ்வொரு பெட்டியையும் கமாவால் கோர்க்கணும், அப்புறம் அந்த வரிகளைப் புது வரிக் குறியால் கோர்க்கணும். முடிந்தால் அந்த டியூஷன் வாத்தியாரிடமும் இதையே கேட்டுப் பாருங்க :-)