குருதியின் மின்னேற்றமும் தோட்டத்து மரணங்களும்

2022 டிசம்பரில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் கூட்டங்கூட்டமாகச் செத்து விழுந்தன. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் மாதிரிகளைச் சோதித்து, தொற்றுநோய் அல்ல, கடுங்குளிரே காரணம் என்று சில நாட்களிலேயே அறிவித்தது. அதைத் தொடர்ந்து, மனிதரின் சாவுக் காரணம் தேடும் நம்மிடம் ஒரு கேள்வி வந்திருக்கிறது. மனிதரில் குளிர்மரணத்தை நிறுவ, செங்குழிய மென்சவ்வின் மின்னேற்றத்தைச் சான்றாகக் கொள்ளலாமா?

ஆய்வுக்குக் கொள்ளலாம், நீதவான் முன் வைக்க இப்போது வேண்டாம். போலந்தின் பியாலிஸ்டொக் ஆய்வாளர்கள், குளிரில் இறந்தோரின் செங்குழியங்களிலும் குருதிச் சிறுதட்டுகளிலும் மேற்பரப்பு மின்னேற்றம் மாறுவதையும் அம்மாற்றம் பிஎச்சைப் பொறுத்து வேறுபடுவதையும் அளந்து காட்டினார்கள். நல்ல வேலை. ஆனால் செங்குழியத்தின் எதிரேற்றத்தில் பெரும்பங்கு சயலிக் அமிலத்தினுடையது. அழுகலில் பெருகும் பக்டீரியாக்களின் நொதிகள் அதை வெட்டிவிடும். இரத்தினபுரி வெக்கையில் ஓர் இரவு கிடந்த உடலின் குருதியில் நாம் அளப்பது குளிரையா, அழுகலையா? குளிர்மரணத்தின் அடையாளமாக மருத்துவர் விஷ்னெவ்ஸ்கி 1895இல் விவரித்த இரைப்பைப் புள்ளிகளே எல்லா உடலிலும் தென்படுவதில்லை. குளிர்மரணம் இன்றும் பிற காரணங்களை விலக்கி, சூழலைப் பார்த்து எட்டும் முடிவுதான்.

அந்தச் சூழல்தான் நம் கைக்கு வருவதில்லை. பலாங்கொடை மேல்மலைகளிலும் சிவனொளிபாதமலை அடிவாரத் தேயிலைத் தோட்டங்களிலும் ஆள் விறைத்துப்போக உறைபனி தேவையில்லை. நாள் முழுக்க மழை, காற்று, நனைந்த சேலை, இடுப்பில் படங்கு, உடம்பில் இரத்தச்சோகை போதும். மலையில் சுருண்டு விழுந்தவரை லயத்துக்குத் தூக்கிவந்து, ஈரத்துணி களைந்து, வெந்நீரில் துடைத்து, உலர்ந்த சேலை சுற்றிய பிறகே தகவல் போகிறது. வீட்டார் செய்வது மரியாதை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குதவழி வெப்பநிலையை யாரும் எடுத்திருப்பதில்லை, அன்றைய மழையளவை யாரும் குறித்திருப்பதில்லை. திடீர் மரண விசாரணை அதிகாரி கையெழுத்திடும் தாளில் 'மாரடைப்பு' என்று எழுதி முடிகிறது. வேலைநேரத்து மரணம் வீட்டு மரணமாகிவிடுகிறது. நட்டஈட்டுப் பேச்சும் அத்தோடு நின்றுவிடுகிறது.

மாட்டுக்கு மாதிரி எடுத்து, ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, காரணத்தை நாட்டுக்குச் சொன்னார்கள். அது சரியான செயல். கொழுந்து பறிப்பவரின் சாவுக்கு அந்த அக்கறையில் பாதியாவது காட்ட அதிகாரிகளுக்கு என்ன தடை? மின்னேற்றம் அளக்கும் கருவியை நாம் கேட்கவில்லை. தாழ்ந்த வெப்பநிலையையும் காட்டும் வெப்பமானி தோட்ட மருந்தகம் ஒவ்வொன்றிலும் இருக்கட்டும். நனைந்த உடையைக் கழற்றுமுன் நேரத்தையும் உடல் வெப்பநிலையையும் எழுதவேண்டும் என்று சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விடட்டும்.