வரைகலை அட்டையின் வெப்பம்

கணினித் திரையிற் படம் வரைவது வரைகலை அட்டையின் தொழில். அது சூடேறினால் இன்னுமொரு விசிறி பொருத்துவதே வழியென நம்மிற் பலர் எண்ணுகிறோம். விசிறி நல்லதே, ஆயின், வெப்பம் எங்கே பிறக்கிறது என்பதையன்றோ முதலில் நோக்கவேண்டும்?

2010 யூலையில் 'ஸ்டார்கிராஃப்ட் 2' என்னும் விளையாட்டு வெளிவந்தது. கடும்போர்க் காட்சிகளில் அன்று, வெறும் முகப்புத் திரையிலேயே சிலருடைய அட்டைகள் அளவுமீறிச் சூடேறின. விந்தைதான்! காட்சி எளிதாகையால், அட்டை அதனை இயன்ற வேகத்திலெல்லாம் மீண்டும் மீண்டும் வரைந்து தள்ளியது. போதுமென்று தடுப்பார் இல்லை. அக்காலத் திரைகளோ பெரும்பாலும் செக்கனுக்கு 60 படங்களையே காட்டவல்லன. எஞ்சியவை யாவும் வீண் வெப்பம். படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பிடும் இரு வரிகளை அமைப்புக் கோப்பிற் சேர்க்குமாறு பிளிசார்ட் நிறுவனத்தார் அறிவித்தனர்.

இன்று பல விளையாட்டுகளின் அமைப்பிலேயே இவ்வரம்பு உண்டு. மாணவர்களே, அதனை உங்கள் திரையின் ஆற்றலுக்கேற்ப இட்டுக்கொள்ளுங்கள். என்விடியா நிறுவனம் தன் ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டைக்குக் குறித்த உச்சம் 90 பாகை செல்சியஸ். உச்சத்தை எட்டும் அட்டை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வரம்பிட்டும் சூடு தணியாவிடின், மின்னிணைப்பை நீக்கி விசிறியிற் படிந்த தூசைத் துடையுங்கள். சுவரோடு ஒட்டிய பெட்டியை ஒரு சாண் முன்னே இழுத்துவிடுங்கள்.