காப்புரிமை மட்டும் போதுமா?

திருமுக்கூடல் விவசாயி ஒருவர் புதுவகைக் களையெடுக்கும் கருவியைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய கம்பெனி அதைப் பார்த்துச் செய்தால் காப்புரிமை தடுக்குமா? ஓரளவுதான்.

காப்புரிமை, மனுச் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் செல்லும். ஆனால் மீறியவர் மீது உரிமையாளரே வழக்குத் தொடர வேண்டும். காப்புரிமையே செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதிடவும் இடமுண்டு. இரட்டை சிம் செல்போனுக்கு மதுரை ராம்குமார் 2008-ல் பெற்ற காப்புரிமை, கம்பெனிகளின் மனுவின் பேரில் 2012-ல் மேல்முறையீட்டு வாரியத்தால் ரத்து செய்யப்பட்டது.

அதற்காகக் காப்புரிமையே வேண்டாம் என்பது சரியன்று. அது இல்லாதவர் வழக்கே போட இயலாது. கருவியை ஊரறியக் காட்டிவிட்டுப் பிறகு மனுச் செய்தால், புதியதன்று எனப் பொதுவாகத் தள்ளுபடியாகும். முதலில் தற்காலிக விவரணத்தைத் தாக்கல் செய்யலாம். முழு விவரணத்திற்கு 12 மாத அவகாசம் உண்டு.

கிராமத்துக் கண்டுபிடிப்பாளர் மனுச் செய்ய தேசியப் புத்தாக்க நிறுவனம் உதவுகிறது. வழக்குச் செலவுக்கும் அரசு ஒரு நிதி ஒதுக்க வேண்டும். வயல் விழாவில் விவசாயியை மேடையேற்றும் எங்களைப் போன்றோரும், "மனுச் செய்துவிட்டீர்களா?" என்று முதலில் கேட்பது கடமை.