சாமையை எதற்காகப் போற்றுவது?

ஜவ்வாது மலைச் சாமையை இன்று நகரம் தேடி வாங்குகிறது. ஜமுனாமரத்தூர் வட்டார மலையாளிப் பழங்குடியினருக்கு அது விரதச் சோறோ மருந்தோ அல்ல. வயிறு நிறைத்த தானியம். அதற்குக் கிடைத்திருக்கும் மதிப்பில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், ‘இரும்புச்சத்து மிகுந்தது, ரத்தசோகையைப் போக்கும்’ என்று சொல்லி விற்பதை, ஊட்டச்சத்தியல் படித்தவளாக என்னால் ஏற்க முடியவில்லை.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை, 100 கிராம் சாமையில் 9.3 மில்லிகிராம் இரும்பு இருப்பதாகச் சொன்னது. அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் அது சுமார் 1.3 மில்லிகிராம்தான். ரகம், தீட்டிய அளவு, ஒட்டியிருந்த களத்து மண், அளந்த முறை எனக் காரணங்கள் பல இருக்கலாம். ஒன்றை மட்டும் சுட்ட நான் துணியமாட்டேன். பழைய எண்ணே சரி என்று வாதிட்டாலும், தானியத்திலுள்ள ஃபைட்டிக் அமிலம் அந்த இரும்பில் பெரும்பகுதியை உடலில் சேரவிடாது. வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் தேவை என்பது 2020ஆம் ஆண்டின் பரிந்துரை. சாமைச் சோற்றை நம்பி ஒரு கர்ப்பிணி இரும்பு மாத்திரையைக் கைவிட்டால், இழப்பு அவளுக்கும் பிள்ளைக்கும்தான்.

சாமையின் உண்மையான பெருமை நார்ச்சத்து. தீட்டிய பச்சரிசியில் 2.8 கிராம் என்றால், சாமையில் 7.7 கிராம். புரதமும் அரிசியைவிடக் கூடுதல். தவிட்டை உரித்து வெளுக்கத் தீட்டினால் இந்தப் பெருமை குறைந்துவிடும். தவிட்டிலுள்ள எண்ணெயால் தீட்டாத சாமையரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்று வியாபாரிகள் சொல்வது நியாயமே. அதற்கு விடை பழைய வழக்கத்தில் இருக்கிறது: உமியோடு சேமித்து, வேண்டியபோது குத்திக்கொள்வது.

டர்னிப், முட்டைக்கோஸ் போலச் சிறுதானியமும் தைராய்டைக் கெடுக்கும் என்ற அச்சமும் உலவுகிறது. அதற்குச் சான்றாகக் காட்டப்படும், 1989இல் வெளியான சூடான் ஆய்வு கம்பைப் பற்றியது. அங்கு கம்பே முதன்மை உணவு, அயோடினும் பற்றாக்குறை. அயோடின் உப்பும் பருப்பும் கீரையும் சேரும் நம் சாப்பாட்டில் சாமையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சரியாகக் காயாமல் மூட்டை கட்டிய தானியத்தில் வளரும் பூஞ்சணமே என் கவலை.

அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையம் இந்த மலைச் சாமையைத் தீட்டியும் தீட்டாமலும் அளந்து, இரும்பின் அளவை வெளியிட வேண்டும். அதுவரை விற்பனையாளர்கள் 9.3 என்ற எண்ணைப் பாக்கெட்டில் அச்சிடாதிருக்கட்டும்.