தலைவனுக்கு அழகு பணிவு

மழைக்காலத்தில் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், கால் கழுவுவது லேசான வேலையல்ல. அப்பிய மண் எளிதில் விடாது. பிறர் காலை ஒருவர் குனிந்து கழுவுவதென்றால்? யேசுநாதர் தம் சீடர்களுக்கு அதைத்தான் செய்தார் என்கிறது யோவான் சுவிசேஷத்தின் 13-ம் அதிகாரம். தலைமைக்குக் கிறிஸ்தவம் வகுத்த இலக்கணம் அதுவே.

கோவில்பட்டிப் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. காமநாயக்கன்பட்டியில் மதப்பணி செய்தவர் வீரமாமுனிவர். 1680-ல் இத்தாலியில் பிறந்து, 1710-ல் இந்தியா வந்தவர். உபதேசம் செய்ய வந்த அவரே, சுப்ரதீபக் கவிராயரிடம் மாணாக்கராக அமர்ந்து தமிழ் கற்றார் என்பார்கள். அப்படிக் கற்றவர்தான் 'தேம்பாவணி' பாடினார். 1732-ல் 'சதுரகராதி' என்ற அகராதியும் தொகுத்தார்.

"அவர் பட்டுடுத்திப் பல்லக்கில் போனவராயிற்றே, அதுவா பணிவு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பல்லக்கைப் பணிவு என்று நாம் சொல்லவில்லை. பாடம் கேட்டதைத்தான் சொல்கிறோம். கந்தல் கட்டியவனிடமும் கர்வம் இருக்கக்கூடும். "எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்க மட்டும் கர்வத்துக்கு வாய் வராது.

பஞ்சாயத்தானாலும் சரி, கட்சியானாலும் சரி, திருச்சபையானாலும் சரி, தலைவர்களுக்கு இந்தப் பாடம் பொருந்தும். கரிசல் கிராமத்துக்கு வருகிறவர் மேடை ஏறுமுன் ஒரு சம்சாரியிடம் உட்காரட்டும். கண்மாயில் தண்ணீர் எவ்வளவு, விதைப்பு என்ன ஆயிற்று என்று கேட்கட்டும். கேட்டபிறகு பேசினால், அந்தப் பேச்சை ஊரும் கேட்கும்.