சிவகளை நெல்லும் தரமணிக் கணினியும்

சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் கடைத்தெருவாக இருக்கும் ஏரலைச் சுற்றித் தொல்லியல் வரைபடத்தில் இடம்பெறாத ஊர் குறைவு. மேற்கே ஆதிச்சநல்லூர், கிழக்கே கொற்கை, பக்கத்திலேயே சிவகளை. அந்தச் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். அமெரிக்காவில் மியாமியிலுள்ள பீட்டா ஆய்வகம் கார்பன்-14ஐ அளந்து சொன்ன ஆண்டு அது. 2025 ஜனவரியில் வந்த இரும்பு அறிக்கை, சிவகளைத் தாழி ஒன்றின் கரித்துண்டை வைத்து இரும்பின் காலத்தை கி.மு. 3345 வரை பின்னுக்குக் கொண்டுபோனது. அன்றிலிருந்து இந்த ஆண்டுகள் மேடைதோறும் ஒலிக்கின்றன. ஒலிக்கட்டும், அதில் தவறில்லை. மேடையில் யாரும் கேட்காத ஒரு கேள்வியும் உண்டு: கார்பன்-14 ஏன் இவ்வளவு மெதுவாகச் சிதைகிறது?

1940 பிப்ரவரியில் பெர்க்கிலியில் மார்ட்டின் கேமனும் சாம் ரூபனும் கார்பன்-14ஐக் கண்டுபிடித்தபோது, அதற்கு அற்ப ஆயுள்தான் இருக்கும் என்பதே எதிர்பார்ப்பு. காரணம் இல்லாமல் இல்லை. அதே வகைச் சிதைவுக்கு ஆளாகும் மற்ற இலேசான அணுக்கருக்களின் அரை ஆயுட்காலம் பெரும்பாலும் ஒரு நாளைத் தாண்டுவதில்லை. கார்பன்-14க்கோ 5,730 ஆண்டு. அதுவும் ஒரு நாளாக இருந்திருந்தால், நெல் அறுத்த சில மாதங்களிலேயே அளப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. வில்லர்ட் லிபி 1949இல் காலக்கணிப்பு முறையை நிறுவியிருக்க முடியாது. சிவகளைத் தாழி வெறும் தாழியாகவே அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும்.

காலக்கணிப்புக்கு இந்த ‘ஏன்’ தேவைப்படுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரை ஆயுளை ஆய்வகத்தில் நேரடியாக அளக்கலாம். வந்த விடையை மர வளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். கி.மு. 1155 எவ்வளவு உறுதியானது என்பது மண்ணடுக்கையும் மாதிரி எடுத்த முறையையும் பொறுத்தது. இயற்பியலாளர் வந்து அதில் ஓராண்டைக்கூட ஏற்றி இறக்க முடியாது. ஆனால் ஒரு நாட்டின் பெருமிதம் ஓர் எண்ணின்மேல் நிற்கும்போது, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது அறிவுடையோருக்கு இயல்பு.

கார்பன்-14 நைட்ரஜன்-14ஆக மாறுவது வலிமை குறைந்த விசையின் வேலை. எவ்வளவு வேகமாக மாறும் என்பதை, அதன் 14 புரோட்டான் நியூட்ரான்களும் உள்ளே எப்படி அமைந்திருக்கின்றன என்பது முடிவு செய்கிறது. அமைத்து வைப்பது வலிமையான அணுக்கரு விசை. அந்த விசையைப் புரிந்துகொள்ள ஒரு நூற்றாண்டு போதவில்லை. 1935இல் ஹிதேகி யுகாவா, புரோட்டானும் நியூட்ரானும் ஒரு துகளைக் கொடுத்து வாங்கிப் பிணைகின்றன என்றார். அந்தத் துகளான பையான் 1947இல் கிடைத்தது. பிறகு பல பத்தாண்டுகள், கைக்கு வந்த சூத்திரங்களைப் போட்டு, அளவீட்டோடு பொருந்தும்வரை திருகிப் பார்த்தார்கள். அதற்கு ஒழுங்கு வந்தது 1990களின் தொடக்கத்தில், ஸ்டீவன் வைன்பெர்க் எழுதிய கட்டுரைகளால்.

பயனுறு கோட்பாடு என்பது அந்த ஒழுங்கு. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான திருவைகுண்டத்தில் மதகைத் திறப்பவர் நீர் மூலக்கூறுகளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது, மதகை எத்தனை அடி தூக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். அதுபோல, குறைந்த ஆற்றலில், புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே இருக்கும் குவார்க்குகளைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டு, பையான், புரோட்டான், நியூட்ரான் என்று மட்டும் எழுதலாம். பழைய திருகல் வேலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, விட்டுவிட்டதால் எவ்வளவு பிழை வரும் என்பதையும் இது சேர்த்தே சொல்லும் என்பதுதான்.

2011இல் பீட்டர் மாரிஸ், ஜேம்ஸ் வேரி, பீட்டர் நவ்ராட்டில் முதலானோர் இந்தக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்து ஜாகுவார் மீத்திறன் கணினியில் கார்பன்-14ஐக் கணக்கிட்டார்கள். இரண்டிரண்டு துகள்களுக்கு இடையிலான விசையை மட்டும் போட்டபோது ஆயுள் மிகக் குறைவாக வந்தது. மூன்று துகள்கள் சேர்ந்திருக்கும்போது மட்டும் தலைகாட்டும் விசையையும் சேர்த்தார்கள். உடனே, சிதைவுக்கு வழிவிடும் பங்களிப்புகள் எதிரெதிர்க் குறிகளோடு வந்து ஒன்றையொன்று ஏறத்தாழ முற்றாகக் கழித்துக்கொண்டன. மிஞ்சியது பூச்சியத்தை ஒட்டிய ஒரு சிறு எண். ஒரு நாளில் முடிய வேண்டிய கதை ஆயிரமாயிரம் ஆண்டு நீள்வது இந்தக் கழித்தலால்தான். சிவகளை நெல்லுக்கு வயது சொல்ல முடிந்ததும் இதனால்தான்.

ஆனால் பயனுறு கோட்பாட்டுக்கு ஒரு கடன் இருக்கிறது. அதில் வரும் மாறிலிகளை அது தானே சொல்லாது. சோதனையிலிருந்து எடுத்துப் போட வேண்டும். அடியிலுள்ள குவார்க்குகளின் கோட்பாடு 1973லேயே கைக்கு வந்துவிட்டது. குவார்க்குகள் நெருங்க நெருங்க விசை தளர்கிறது என்று காட்டிய கிராஸ், வில்செக், பொலிட்சர் மூவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. விலக விலக விசை இறுகுகிறது. அங்கே காகிதமும் பேனாவும் உதவாது. கென்னத் வில்சன் 1974இல் வழி சொன்னார்: வெளியையும் காலத்தையும் சம இடைவெளிப் புள்ளிகளாக நறுக்கு, புள்ளிகளில் குவார்க்கை வை, புள்ளிகளை இணைக்கும் கோடுகளில், குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவானை வை. லேட்டிஸ் முறை என்பது இதுதான். 1979-80இல் மைக்கேல் க்ருட்ஸ் அதைக் கணினியில் ஏற்றினார். புரோட்டானின் நிறையைச் சில விழுக்காட்டுப் பிழைக்குள் இந்த முறையில் எடுத்துக் காட்ட 2008 ஆயிற்று. வில்சனின் கட்டுரைக்குப் பின் 34 ஆண்டுகள். புரோட்டானின் நிறையான 938 அலகில் அதன் மூன்று குவார்க்குகளின் சொந்த நிறை ஏறத்தாழ 9 மட்டுமே. ஆதிச்சநல்லூர் இரும்பைக் கையில் எடுத்தால் நாம் உணரும் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு இந்த விசையின் ஆற்றல்.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஒரு பக்கம் உண்டு. 1962 ஜனவரி 3 அன்று அல்லாடி ராமகிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் இன்று தரமணியில் இயங்குகிறது. அங்கே நெடுங்காலம் பணியாற்றிய எச்.எஸ். சரத்சந்திரா, 1981இல் துன், வைஸ் ஆகியோருடன் எழுதிய கட்டுரை, புள்ளிகளின்மேல் குவார்க்கை எப்படி வைப்பது என்ற சிக்கலில் இன்றும் எடுத்துக் காட்டப்படுகிறது. 2004இல் அதே நிறுவனத்தில் என்.டி. ஹரிதாஸ் முன்னின்று கப்ரு என்ற கணினியைக் கட்டினார். இமயத்துச் சிகரம் ஒன்றின் பெயர் அது. சந்தையில் கிடைக்கும் ஜியான் செயலிகள் இரண்டிரண்டாகப் பொருத்திய 144 கணினிகளைக் கோத்து, நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு என்ற எல்லையை அது தொட்டது. இன்று ஒரே ஒரு நல்ல வரைகலை அட்டை அதைச் செய்துவிடும். அன்று இந்தியக் கல்வி உலகில் அது பெரிய காரியம்.

கப்ருவில் என்ன கணக்குப் போட்டார்கள் என்பதே நமக்கு முக்கியம். ஒரு குவார்க்கையும் எதிர்க்குவார்க்கையும் விலக்கினால், இடையில் விசைப்புலம் குழாய் போல ஒடுங்குகிறது. அதன் இழுவிசை ஏறத்தாழ 16 டன் எடைக்குச் சமம். அது ஒரு புரோட்டானின் அகலத்துக்குள் நடக்கிறது. இந்தக் குழாயை மெல்லிய இழையாகவே எடுத்துக்கொள்ளும் பயனுறு கோட்பாடுகள் உண்டு. ஹரிதாசும் புஷன் மஜும்தாரும் 2006இல் வெளியிட்ட கட்டுரையில் 0.3 முதல் 1.2 ஃபெர்மி வரையான தொலைவுகளில் அந்த விசையைக் கணக்கிட்டு, இழைக் கோட்பாடுகளில் எது பொருந்துகிறது என்று பிரித்தறியும் அளவுக்குத் துல்லியம் கண்டார்கள். யோய்ச்சிரோ நம்பு, கோட்டோ ஆகியோரின் இழைக்குச் சாதகமாக விடை வந்தது. அடிப்படைக் கோட்பாட்டிலிருந்து கணக்கிட்டு, அதைக் கொண்டு பயனுறு கோட்பாட்டை உரசிப் பார்க்கும் வேலை தரமணியில் நடந்தது. தமிழ்ப் பத்திரிகைகள் அதை எவ்வளவு எழுதின என்று கேட்டால் தலை குனியத்தான் வேண்டும்.

மற்ற ஊர்களிலும் வேலை நடந்தது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து எஸ்.எம். ராய் 1971இல் தந்த சமன்பாடுகளை, முப்பது ஆண்டு கழித்து பெங்களூரின் அனந்தநாராயணனும் சுவிட்சர்லாந்துக் கூட்டாளிகளும் பையான் மோதலுக்குப் பயன்படுத்தினார்கள். 2023இல் மும்பையின் நீல்மணி மாத்தூரும் சென்னையின் பத்மநாத்தும் அவர்களோடு ஓர் இளம் ஆய்வாளரும், ஆறு கனமான குவார்க்குகள் கொண்ட ஒரு பிணைப்பு இருக்க வேண்டும் என்று லேட்டிஸ் கணக்கில் கண்டார்கள். புரோட்டான், நியூட்ரான் பிணைப்பைவிட அது ஏறத்தாழ 40 மடங்கு வலுவானது.

கடன் இன்னும் தீரவில்லை. பையான்களுக்கு லேட்டிஸ் முறை நல்ல விடை தருகிறது. இரண்டு, மூன்று புரோட்டான் நியூட்ரான்களைச் சேர்த்து வைத்தால் கணக்கின் புள்ளியியல் இரைச்சலில் விடை மூழ்கிப்போகிறது. கார்பன்-14ஐக் காப்பாற்றிய அந்த மூன்று துகள் விசையைக் குவார்க்கிலிருந்தே வருவித்துக் காட்டும் நாள் இனிமேல்தான் வர வேண்டும். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒருவர் அதைச் செய்யலாம். ஆனால் அவருடைய பாடநூலில் அரை ஆயுட்காலத்துக்குச் சூத்திரம் இருக்கிறது, காரணம் இல்லை.

நெல்லையில் பொருநை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வரும் பிள்ளைகள் கி.மு. 1155 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த எண்ணின் அருகே, கார்பன் ஏன் காத்திருக்கிறது என்று சொல்லும் ஒரு பலகை வைக்க வேண்டும். மாநிலத் தொல்லியல் துறையும் கணித அறிவியல் நிறுவனமும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்தால் நல்ல தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி முடித்துவிடலாம். செலவு அதிகமில்லை. செய்யுங்கள்.